துரைக்குச் சலவைக்கல், கூலிக்காரனுக்குத் தலைக்கணக்கா?

மொரப்பூரில் ரயிலேறிக் கோரிக்கைப் பேரணிக்காகச் சென்னைக்குப் போன நமது விவசாயத் தொழிலாளர் தோழர்கள் சிலர், பேரணி முடிந்த மறுநாள் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றார்கள். நாமும் கூடச் சென்றோம். தலைமைச் செயலகம் இருக்கிற அதே செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்தான் செயிண்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. 1680-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்கென்று கட்டித் திறந்த கோயில். ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான். குண்டு விழுந்தாலும் இடியாதபடி கனமான வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள். ஆண்டவனை நம்பினார்கள், ஆனால் பீரங்கியையும் மறக்கவில்லை!

உள்ளே சுவரெங்கும் சலவைக்கல். சபையைச் சேர்ந்த துரைமார்களின் பெயர், பதவி, செத்த தேதி, செத்த இடம், அவர்களுடைய நற்குணங்கள் எல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்மோடு வந்த ஒரு தோழர், கரும்பு வெட்டும் கூலிக்காரர், சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஆளுங்க பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுங்கண்ணா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கற்களில் ஒன்று கர்னல் மூர்ஹவுஸ் என்பவருக்கு. மதராஸ் பீரங்கிப் படையின் அதிகாரி. திப்பு சுல்தானோடு கம்பெனி நடத்திய யுத்தத்தில், 1791 மார்ச் 7-ம் தேதி, பெங்களூர்ப் பேட்டையின் வாசற்கதவைப் பீரங்கியால் தகர்க்கும்போது குண்டடிபட்டுச் செத்தார். கம்பெனியே தன் செலவில் அவருக்கு இங்கே நினைவுச் சின்னம் எழுப்பியது. மூர்ஹவுஸைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அவர் பிறவிப் பிரபு அல்ல. சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, பள்ளிக்கூடப் படிப்பில்லாமல் தானே கற்று மேலே வந்தவர். அதிகாரிச் சட்டை மாட்டாமல் சிப்பாயாகவே செத்திருந்தால் அவருக்கும் இந்தச் சலவைக்கல் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது.

சரி, அந்தப் பீரங்கியை மூர்ஹவுஸ் ஒருவரா இழுத்துக்கொண்டு போனார்? இழுத்தவர்கள் லாஸ்கர்கள் என்ற நம் நாட்டுக் கூலிப் படையினர். மாடு ஓட்டியவர்கள் நம் நாட்டு உழவர்கள். பட்டாளத்துக்குத் தானியம் சுமந்து வந்தவர்கள் லம்பாடிகள். காரன்வாலிஸ் பிரபு அதே 1791 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், இழுக்க மாடில்லாமல் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாரே, அது எதைக் காட்டுகிறது? துரை இல்லாமல் இன்னொரு துரையை வைத்துக் கொள்ளலாம். மாட்டுக்காரன் இல்லாமல் யுத்தமே நடக்காது. பேட்டை வாசலில் விழுந்த சிப்பாயின் பெயரையும் லாஸ்கரின் பெயரையும் அந்தச் சுவரில் நாம் தேடினோம். காணோம்.

இது எங்கோ நடந்த பிறத்தியார் சண்டையும் அல்ல. அந்த யுத்தத்தின் முடிவில், 1792 உடன்படிக்கையின்படி, கம்பெனியின் கைக்குப் போன பிரதேசங்களில் ஒன்றுதான் பாராமகால்: தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், நமது மொரப்பூர் வட்டாரம். மூர்ஹவுஸ் கதவை உடைத்தார். பின்னாலேயே வரி வசூல் வந்தது. கலெக்டர் ரீடு துரைக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை பாராமகாலில் உத்தியோகம் பார்த்தார், தருமபுரியில் குடியிருந்தார். நிலத்தை அளந்து, பட்டாதாரின் பெயரை எழுதி, அவரிடமே நேராக ரொக்கமாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் ஒத்திகை பார்க்கப்பட்டது. பட்டாதாரின் பெயரை எழுதத் தெரிந்த கம்பெனிக் கணக்குக்கு, அந்த நிலத்தில் ஏர் பிடித்த பண்ணையாளின் பெயரை எழுதத் தெரியவில்லை. மன்றோ பிறகு கவர்னரானார்; 1827-ல் காலராவில் செத்தார். அவரை அடக்கம் செய்திருப்பதும் இதே செயிண்ட் மேரி தேவாலயத்தில்தான்.

இங்கே சில கனவான்கள் குறுக்கிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் பழங்காலச் சிற்பங்களைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் அவர்கள். "ஒரு சபை தன் அங்கத்தினருக்குக் கல் வைத்துக் கொள்கிறது. அதில் உங்களுக்கென்ன? செத்தவர்களிடம் கூடவா வர்க்கம் பார்ப்பது?" என்பார்கள்.

செத்தவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. மகனை யுத்தத்தில் பறிகொடுத்த தாய் எந்த நாட்டில் அழுதாலும் அது தாயின் அழுகைதான். 1914-18 யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கிராமத்துக்குக் கிராமம் கோயிலில் பெயர்ப் பலகை வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன், ஆலைத் தொழிலாளியின் மகன், பண்ணைக் கூலியின் மகன் என்று எல்லோர் பெயரும் அதில் இருக்கும். பல இடங்களில் பதவி பாராமல் அகர வரிசையிலேயே எழுதினார்கள். லாபத்துக்காக நடந்த யுத்தத்தில் பலியான அந்த உழைப்பாளிகளும் நம்மவர்களே. அவர்கள் பெயரைத் துடைக்கச் சொல்ல நாம் யார்?

செத்தவர்களிடம் வர்க்கம் பார்த்தது நாமல்ல, கல் வைத்தவர்கள். அதே ராஜா, அதே யுத்தம், அதே சேறு, அதே குண்டு. இங்கிலாந்துக் கிராமத்துக்குப் பெயர்ப் பலகை போயிற்று. நம் ஊருக்கு என்ன வந்தது?

மொரப்பூரிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் லாங் பஜாருக்குப் போனால் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. அதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். வேலூரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும் யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான்! பதினாலு பேர் யார்? எந்தத் தெரு? யாருடைய மகன்? கல்லுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ ஊர்களில் இதே அச்சில் வார்த்தது போன்ற கற்கள் நிற்கின்றன. போனவர் இத்தனை, செத்தவர் இத்தனை. மேய்ச்சலுக்குப் போன ஆடு இத்தனை, பட்டிக்குத் திரும்பாத ஆடு இத்தனை என்று எண்ணுகிறவன் கூடத் தன் ஆட்டுக்குச் செவலை, கருப்பி என்று ஒரு பெயர் வைத்திருப்பானே!

பதினாலு பெயரை வெட்டக் கல்லில் இடமில்லையா? மணிக்கூண்டு அளவு உயரத்துக்குச் சுவர் இருக்கிறது. மனம்தான் இல்லை.

போனவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெள்ளையர் சர்க்கார் கப்பலேற்றியது. அவர்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் துப்பாக்கி பிடிக்காதவர்கள்: மண் வெட்டினவன், சமைத்தவன், தோல் பையில் தண்ணீர் சுமந்தவன், கோவேறு கழுதை ஓட்டியவன், காயம்பட்டவனைத் தூக்கினவன், மலம் அள்ளியவன். ஆள் போதாமல் ஜெயிலைத் திறந்து கைதிகளைக் கூட மெசபொடேமியாவுக்குக் கூலிகளாக அனுப்பினார்கள். ராஜ விசுவாசத்தால் போனார்கள் என்று அன்றைக்குச் சீமைப் பத்திரிகைகள் எழுதின. பஞ்சத்தையும் கடனையும் விசுவாசம் என்று மொழிபெயர்க்கும் வித்தை ஏகாதிபத்தியத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆலைத் தொழிலாளித் தோழரே, இதில் உமக்குப் பங்கில்லை என்று நினைக்காதீர். அந்தப் பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்தது சென்னைப் பின்னி ஆலைகள். விலைவாசி ஏறி, 1918-ல் பட்டினி தாங்காத ஜனங்கள் சென்னையில் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். அதே 1918 ஏப்ரல் 27-ல்தான் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1920-லும் 1921-லும் அந்தத் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. யுத்தத்துக்குத் துணி நெய்தவனுக்குக் கிடைத்த மெடல் அது.

இப்போது மெசபொடேமியாவுக்கே போவோம். இன்றைய இராக். பாஸ்ராவில் 1929-ல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் செத்து, கல்லறை இன்னதென்று தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக. வெள்ளைச் சிப்பாய் என்றால் கடைசிச் சிப்பாய் வரை பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரியாக இருந்தவருக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? ரெஜிமென்டின் பெயரைப் போட்டு, அதன் கீழே, மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று முடித்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் "மற்றும் சுற்றத்தார்" என்று போடுவதைப் போல!

இதைச் செய்தது யார் தெரியுமா? 1917-ல் ஏற்படுத்தப்பட்ட ஏகாதிபத்திய யுத்தக் கல்லறைக் கமிஷன். சாவில் பதவி பேதமில்லை, இனபேதமில்லை, மதபேதமில்லை என்பதே அதன் கொள்கை என்று பிரகடனம் செய்த அதே கமிஷன்.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே ஒரு சாட்சி போதும். ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை என்று அவர்கள் அழைத்த நாட்டுக்கு, இன்றைய கானாவுக்கு, குகிஸ்பெர்க் என்பவர் கவர்னர். அங்கத்திய சிப்பாய்களுக்குத் தனித்தனியே கல்லறைக் கல் வைக்கலாமா என்ற பேச்சு 1923-ல் வந்தபோது, இந்த ஊர்ச் சுதேசிக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது, அதை அவன் மதிக்கவும் மாட்டான் என்று அவர் கருத்துச் சொன்னார்.

புரியாதாம்!

அந்தக் கவர்னரை நம் தருமபுரி ஜில்லாவுக்கு ஒருமுறை அழைத்து வந்திருக்க வேண்டும். அரூர்ப் பக்கமும் பாலக்கோடு பக்கமும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற நடுகற்களைக் காட்டியிருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கற்கள். ஊர் மாட்டைக் கொள்ளைக்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது மறித்து மீட்கப்போய்ச் செத்தவனுக்கு நட்டவை. ராஜாவின் ஆட்சியாண்டு, செத்தவன் இன்னான், யாருடைய ஆள், எந்த ஊருக்காகச் செத்தான் என்றெல்லாம் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அவன் ராஜா அல்ல, பிரபு அல்ல. மாடு காத்தவன். அரூரைத் தாண்டி, செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்தவனின் பெயர் கருந்தேவக்கத்தி என்று அதில் இருக்கிறது. அதோடு விடவில்லை. அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்; அந்த நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது. கோவிவன். நாயின் உருவத்தையும் பக்கத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னே நாய்க்குப் பெயர் வெட்டியவர்களுக்குக் கல்லறைக் கல் புரியாது என்று சொன்ன சாம்ராஜ்யம், அந்த மண்ணின் மகனை எண்ணிக்கையாக வெட்டியது. நடுகல் காலமும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அன்றும் மாட்டை வைத்திருந்தவன் ஒருவன், மாட்டுக்காகச் செத்தவன் ஒருவன்தான். ஆனாலும் செத்தவனின் பெயரைத் தெரிந்து கொள்ளாமல் அவர்கள் கல் நடவில்லை.

நூறு வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில், அந்தக் கமிஷன் (இப்போது "ஏகாதிபத்திய" என்ற சொல்லை நீக்கிவிட்டுக் "காமன்வெல்த்" என்று வைத்துக் கொண்டிருக்கிறது) தானே நியமித்த குழுவின் அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, முதல் யுத்தத்தில் செத்தும் பெயரில்லாமலோ, அடியோடு நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள். இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர். நாம் சொன்னால் கம்யூனிஸ்டுகளின் பிரசாரம் என்பார்கள். இது அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

டில்லியில் இந்தியா கேட் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சுமார் 13,000 பெயர்கள் உண்டு, மெய்தான். யுத்தத்தில் செத்த இந்தியச் சிப்பாய்களோ 70,000-க்கு மேல். அதை 1931 பிப்ரவரியில் திறந்து வைத்தவர் வைசிராய் இர்வின். அடுத்த மாதம் 23-ம் தேதி பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டதும் அதே இர்வினின் ஆட்சியில்தான்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. மொரப்பூர்க்காரர்களுக்கு அது நேராகவே தெரியும். 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல், யுத்தத்தின் நடுவே, அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதே பாதையை மறுபடி போட 2019 மார்ச்சில் அடிக்கல் விழா நடத்தினார்கள். 36 கிலோமீட்டர்! கல் நடுவதில் நம்மை ஆள்பவர்களுக்கும் குறைச்சலில்லை.

இங்கே ரயில் பாதை போயிற்று என்றால், அங்கே இன்னொரு ரயில் பாதைக்கு நம் ஆட்கள் போனார்கள். சேலம் ஜில்லாவிலிருந்தும் பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகள் ஆசை காட்டி மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கு அழைத்துப் போனவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஜப்பானிய பாசிஸ்டுகள் 1942-43-ல் பிடித்து, சயாம்-பர்மா ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் காடு. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகள் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அதே பாதையில் செத்த யுத்தக் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள், புல்வெளியோடு, வரிசை வரிசையாக இருக்கின்றன. இருக்கட்டும், அவர்களும் கொடுமைப்பட்டுச் செத்தவர்கள்தான். நம் தொழிலாளிகளைப் புதைகுழியில் மொத்தமாகத் தள்ளி மண்ணை மூடினார்கள். எண்பது வருஷம் போய், 2023-ல் தமிழர்களே முயன்று அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். சிப்பாயாக இருந்தால்தான் யுத்தத்தில் செத்ததாகக் கணக்கு. கூலியாக இருந்து செத்தால் வெறும் சாவு!

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மறைக்க மாட்டோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், ஒரே வேதத்தைப் படித்து ஒரே ஆலயத்தில் முழங்காலிட்ட கிறிஸ்தவர்களின் பிணங்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பியது எந்தத் துரையும் அல்ல. இந்துக்களின் சுடுகாட்டுப் பாதைக்காக இன்றைக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் தாலுகா ஆபீசுக்கு மனுக் கொடுத்துக்கொண்டு நிற்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பெயரோடு கல் நடுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் கீழ்வெண்மணிக்குப் போய்ப் பாருங்கள். 1968 டிசம்பர் 25, ஏசு பிறந்த நாள் இரவு. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே நிற்கிற கல்லில் 44 பெயர்களும் இருக்கின்றன, சின்னஞ்சிறு குழந்தைகள் உள்பட. "மற்றும் சிலர்" என்று எங்கும் இல்லை. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் ஜெயிலில் சுடப்பட்ட 22 தோழர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். நம் மொழிக்காரர்கள் கூட அல்ல. பெயர் சொல்லித்தான் ஒவ்வோராண்டும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். செயிண்ட் மேரி தேவாலயத்தின் ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம். மூர்ஹவுஸ் அங்கேயே இருக்கட்டும். நம் ஊர்க் கற்களில் விட்டுப்போன பெயர்களை வெட்டுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெயர்களுக்கு எங்கே போவது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். லாகூர் மியூசியத்தில் கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து, பஞ்சாபிலிருந்து முதல் யுத்தத்துக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரத்தை 2021-ல் வெளியே கொண்டு வந்தார்களே! எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் ஜில்லாக்களின் ரிக்கார்டு அறைகளையும் தமிழ்நாட்டு அரசு அதே கண்ணோடு அலசட்டும். கிடைக்கிற பெயரை அந்தந்தப் பஞ்சாயத்திலேயே, ஜனங்கள் நடமாடும் இடத்தில், தமிழில் வெட்டட்டும்.

அதற்குள் நாமும் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் யுத்தத்துக்குப் போய் வந்தவர்களுக்கு ராஜாவின் தலை போட்ட மெடல் கொடுத்தார்கள். அதிலும் பேதம்தான்: சிப்பாய்க்கு வெள்ளி, மண் வெட்டிய கூலிப் படைக்காரனுக்கு வெண்கலம். வெள்ளி மெடல்களில் எத்தனையோ அடகுக் கடையில் உருகிப் போயிருக்கும். வெண்கலம் உருக்க லாயக்கில்லாமல் பரணில் கிடந்தாலும் கிடக்கும். மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர், கடத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் பாட்டனார் பெட்டியைத் திறந்து பாருங்கள். மெடல் இருந்தால் ராஜாவின் முகத்தை விட்டுவிட்டு, விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துச் சுற்றிப் பாருங்கள். பொடி எழுத்தில் நம்பரும், பெயரும், படைப் பிரிவும் வெட்டியிருக்கும். இங்கிலீஷ் எழுத்து; படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டி, ஒரு தாளில் எழுதி, சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள்.